விடுபட்ட ஓர் எண்



கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, அக்குறணையைக் கடந்ததும் வருவது அலவத்துகொட. அங்கே அதிபராகக் கடமையாற்றும் நான் கலைப் பட்டதாரியே அன்றிக் கணித வல்லுநன் அல்லேன். எனினும், கணித ஆசிரியர் இல்லாத காலங்களில் அப்பாடத்தைக் கற்பிக்கும் பொறுப்பும் பலமுறை என்மீது விழுந்ததுண்டு. அவ்வாறு கற்பிக்கப் புகுந்த வேளையில் அறிந்துகொண்ட ஓர் எண்ணைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். அது பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்ட பேரெண். தமிழ் மண்ணிலே தோன்றிய கணித மேதை ஒருவர் வகுத்த பட்டியலில் அது இடம்பெற்றிருத்தல் வேண்டும், ஆனால் இடம்பெறவில்லை. அவ்வெண் யாது, அதன் சிறப்பு என்ன, அது விடுபட்டதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடியது யாது என்பனவே இப்பேச்சின் பொருள். பென்சிலும் தாளும் அருகில் இருக்குமாயின் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சிறு காட்சி. காலைவேளையில் உடற்பயிற்சிக்காக 24 மாணாக்கர் பாடசாலை முற்றத்தில் நிற்கின்றனர் என வைத்துக்கொள்வோம். இவர்களை இருவர் இருவராக நிறுத்தலாம். மூவர் மூவராக நிறுத்தலாம். நால்வர், அறுவர், எண்மர், பன்னிருவர் என்றும் ஒழுங்காக நிறுத்தலாம். ஒருவரும் எஞ்சுவதில்லை. மறுநாள் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். 23 பேரே வந்துள்ளனர். இப்பொழுது எவ்வாறு முயன்றாலும் வரிசை அமையாது. ஒரே நெடுவரிசையில் நிற்க வேண்டும். அல்லது ஒவ்வொருவராகத் தனித்து நிற்க வேண்டும். 24 எளிதிற் பிரியும் எண். 23 பிரிய மறுக்கும் எண். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கக்கூடிய எண்களை அதன் காரணிகள் என்கின்றோம். 24 க்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டுக் காரணிகள் உள. 23 க்கோ 1 உம் 23 உம் ஆகிய இரண்டே காரணிகள். இவ்வாறு இரண்டே காரணிகளை உடைய எண்ணை முதன்மை எண் என்றும், பகா எண் என்றும் வழங்குவர்.

எளிதிற் பிரியும் எண்களை மனிதர் தொன்றுதொட்டே விரும்பி வந்துள்ளனர். ஒரு நாளை 24 மணித்தியாலங்களாகவும், ஒரு மணித்தியாலத்தை 60 நிமிடங்களாகவும், ஒரு வட்டத்தை 360 பாகைகளாகவும் வகுத்தனர். நம் முன்னோர் ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று கணக்கிட்டனர். பொருள்களைப் பன்னிரண்டு கொண்ட டசினாக எண்ணும் வழக்கம் கடைத்தெருவில் இன்றும் உண்டு. அரையாகவும், மூன்றில் ஒன்றாகவும், காலாகவும் பங்கிட இவ்வெண்கள் இடங்கொடுத்தல் இவற்றின் பெருஞ் சிறப்பன்றோ?

இவ்வெண்களுக்குள்ளும் தனிச்சிறப்புடைய ஓரினம் உண்டு. 12 ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆறு காரணிகள். 12 க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேற்பட்ட காரணிகள் இல்லை. தனக்குக் கீழேயுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் வென்று நிற்பது 12. ஆனால், 18 க்கும் ஆறு காரணிகளே ஆதலால் அது புதிய வெற்றி எதனையும் பெறவில்லை. அடுத்த வெற்றி எட்டுக் காரணிகளுடைய 24 க்கே உரியது. இவ்வாறு தன்னிலும் சிறிய எண்கள் அனைத்தையும் காரணிகளின் எண்ணிக்கையால் மிஞ்சும் எண்ணை இப்பேச்சில் மிகுகாரணி எண் என அழைப்போம். 2 இலிருந்து தொடங்கினால் அவை 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 எனத் தொடர்ந்து செல்லும்.

காரணிகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ணுவதென்றால் பெரிய எண்களில் நம் ஆயுள் போதாது. ஆனால் ஒரு குறுக்குவழி உண்டு. 12 என்பது 2 ஐ இருமுறையும் 3 ஐ ஒருமுறையும் பெருக்கியதனால் வந்தது. 12 இன் காரணி ஒன்றை ஆக்குவதற்கு 2 ஐ எடுக்காமலே விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். ஆக மூன்று வழிகள். 3 ஐ விடலாம், அல்லது எடுக்கலாம். ஆக இரண்டு வழிகள். மூன்றை இரண்டால் பெருக்க ஆறு. காரணிகளும் ஆறே. எண் எத்துணைப் பெரிதாயினும் முறை இதுவே. ஒவ்வொரு முதன்மை எண்ணும் எத்தனை முறை பெருக்கப்பட்டுள்ளதோ, அத்தனையுடன் ஒன்றைக் கூட்டி, அவ்வாறு வந்தவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு பாடசாலையில் இப்பாடத்தை நடத்தியபோது, ஆயிரத்துக்கு உட்பட்ட மிகுகாரணி எண்கள் யாவற்றையும் கண்டுவருமாறு மாணாக்கருக்குப் பணித்தேன். பெரும்பாலோர் நூறை எட்டுமுன் நிறுத்திவிட்டனர். ஒரு பெண்பிள்ளை மட்டும் கொப்பி நிறையக் கணக்குச் செய்து, 2 முதல் 720 வரை எழுதி வந்திருந்தாள். கண்டுபிடிக்க வேண்டியவை 14 எண்கள். அவள் கண்டவை 13. விடுபட்டது 840. 720 க்கு 30 காரணிகள். 840 க்கு 32. அவள் 2, 3, 5 ஆகியவற்றையே மாறிமாறிப் பெருக்கிச் சென்றாள். 7 ஐச் சேர்க்க வேண்டிய இடம் வந்தமை அவளுக்குத் தோன்றவில்லை. நான் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடிட்டு, ‘பட்டியல் பிழை’ என்று எழுதிக் கொடுத்தேன். புள்ளி எதுவும் வழங்கவில்லை. அவள் கொப்பியை வாங்கிக்கொண்டு பேசாமற் போய் அமர்ந்தாள். அதன் பின்னர், கேளாத கணக்கு எதனையும் அவள் செய்து கொண்டுவந்ததில்லை.

அச்செயலின் பொருளைச் சில ஆண்டுகளின் பின்னரே உணர்ந்தேன். உணர்த்தியவர் சீனிவாச இராமானுசர்.

இராமானுசர் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புலமைப்பரிசிலை இழந்தார். பின்பு சென்னைக்குச் சென்று பயின்றபோதும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞராய் அமர்ந்தார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவருடைய வாழ்வை மாற்றியது. 1914 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17 ஆம் நாள் சென்னையிற் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றார். அவர் பெயரைக் கேட்டதும் நம்முட் பலருக்கு 1729 என்னும் எண் நினைவுக்கு வரும். இரு முழு எண்களின் கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று, நோயுற்றிருந்த வேளையிலும் ஹார்டிக்கு அவர் எடுத்துரைத்தது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அவருக்குக் கேம்பிரிட்ஜின் பட்டத்தைப் பெற்றுத்தந்த ஆராய்ச்சி மிகுகாரணி எண்களைப் பற்றியது என்பதனைப் பலர் அறியார்.

அவ்வாராய்ச்சி 1915 இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அதனை ஆதாரமாகக் கொண்டே 1916 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. மிகுகாரணி எண்ணின் உள்ளமைப்பை அவர் அதில் ஆராய்ந்தார். அத்தகைய எண்ணைப் பகுத்துப் பார்த்தால், 2, 3, 5, 7 என முதன்மை எண்கள் இடைவெளியின்றி வரிசையாக வரும். 2 எத்தனை முறை வருகின்றதோ அதனிலும் மிகுந்த முறை 3 வாராது. 3 ஐ மிஞ்சி 5 வாராது. வரிசையின் இறுதியில் நிற்கும் முதன்மை எண் ஒருமுறையே வரும். இவ்விறுதி விதிக்கு 4 உம் 36 உம் மாத்திரமே விலக்கு என்பதனையும் அவர் நிறுவினார். கணினி என்பது இல்லாத காலத்தில், முதலாம் உலகப் போர் மூண்டிருந்த வேளையில், கைக்கணக்காகவே 102 மிகுகாரணி எண்களைக் கண்டு அட்டவணையாக்கினார். அவ்வட்டவணையின் கடைசி எண் 6,746,328,388,800. அதாவது 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 காரணிகள் உள.

இத்துணைச் சிறப்புடைய அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அதுவே நாம் தேடிவந்த எண். தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 293,318,625,600. நமது கணக்கிற் சொல்வதானால் 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இவ்வெண் எவ்வாறு பிறக்கின்றது எனக் காண்போம். 2 ஐ ஆறுமுறை பெருக்க 64. 3 ஐ நான்குமுறை பெருக்க 81. இவ்விரண்டையும் பெருக்க 5,184. 5 ஐ இருமுறை பெருக்கிய 25 ஆல் அதனைப் பெருக்க 129,600. 7 ஐ இருமுறை பெருக்கிய 49 ஆற் பெருக்க 6,350,400. இனி 11, 13, 17, 19 ஆகியவற்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்குக. நம் எண் வந்து நிற்கும். காரணிகளின் எண்ணிக்கையை முன்னர் கூறிய முறைப்படி காண்போமாயின், ஆறுடன் ஒன்று ஏழு. நான்குடன் ஒன்று ஐந்து. இரண்டுடன் ஒன்று மூன்று, அதுவும் இருமுறை. எஞ்சிய நான்கு முதன்மை எண்களுக்கும் இரண்டிரண்டு. ஏழு, ஐந்து, மூன்று, மூன்று ஆகியவற்றைப் பெருக்க 315. நான்கு இரண்டுகளைப் பெருக்க 16. 315 ஐ 16 ஆற் பெருக்க 5,040.

இந்த 5,040 தானும் ஒரு மிகுகாரணி எண் என்பது வியப்புக்குரியது. 1 முதல் 7 வரையுள்ள எண்களைத் தொடர்ச்சியாகப் பெருக்கினால் வருவதும் இதுவே. கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ, தாம் கற்பனை செய்த நகரத்தில் 5,040 குடும்பத் தலைவர்கள் இருத்தல் வேண்டும் என ‘சட்டங்கள்’ என்னும் நூலில் வகுத்தார். நிலத்தைப் பங்கிடுவதற்கும் குடிகளைப் பிரிப்பதற்கும் அவ்வெண் இசைவாயிருக்கும் என்பதே காரணம். 5,040 க்கு 60 காரணிகள். 60 உம் மிகுகாரணி எண். அதற்குக் காரணிகள் 12. அதுவும் அவ்வினத்தது, அதற்குக் காரணிகள் 6. அதற்கு 4. இவ்வாறு பன்னிரண்டு இலக்கப் பேரெண்ணிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தால், நான்கு வரையுள்ள ஒவ்வொரு படியும் மிகுகாரணி எண்ணாகவே அமைந்திருக்கக் காண்கின்றோம்.

இன்னுமொரு சிறப்பு. நம் எண்ணை 1 முதல் 22 வரையுள்ள எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வாராது. முதற் தடை 23 இலேயே எழுகின்றது. பாடசாலை முற்றத்தில் வரிசையாய் நிற்க மறுத்த அதே 23!

விடுபட்டமைக்கு இடமான நுட்பமும் இந்த 23 இலேயே தங்கியுள்ளது. இராமானுசரின் அட்டவணையில் நம் எண்ணுக்கு முன்னே நிற்பது 240,940,299,600. அதற்கு 4,800 காரணிகள். பின்னே நிற்பது 321,253,732,800. அதற்கு 5,376 காரணிகள். இவ்விரண்டையும் பகுத்துப் பார்த்தால் இரண்டிலும் 23 உண்டு. இடையில் வரவேண்டிய நம் எண்ணோ 19 உடன் நின்றுவிடுகின்றது. பின்னே நிற்கும் எண்ணிலிருந்து 23 ஐ எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு 3 ஐயும் ஒரு 7 ஐயும் வைத்தால் நம் எண் வரும். மூவேழு இருபத்தொன்று; 23 இலும் அது சிறிது. ஆகவே எண் சற்றுக் குறைகின்றது; காரணிகளும் 5,376 இலிருந்து 5,040 ஆகக் குறைகின்றன. குறைந்தபோதும் முன்னே நிற்பதன் 4,800 ஐ அவை மிஞ்சுகின்றன. ஆதலின் அதற்கும் பட்டியலில் இடமுண்டு. புதிய முதன்மை எண் ஒன்றைச் சேர்ப்பது நன்றா, பழையவற்றையே மீண்டும் ஒருமுறை பெருக்குவது நன்றா என்னும் போட்டியிலே, புதியது வந்து நிலைபெற்ற பின்னரும் பழையது ஒருமுறை தலைதூக்கும் இடம் அது. மிக மிக நுண்ணிய இடம்.

இராமானுசரின் ஆராய்ச்சி முழுவதும் 1915 இல் அச்சேறவில்லை. இலண்டன் கணிதச் சங்கம் அப்பொழுது பணமுடையில் இருந்தமையால் ஒரு பகுதி அச்சிடப்படாமலே நின்றது. இராமானுசர் 1920 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் நாள், தமது முப்பத்திரண்டாம் வயதில் சென்னையில் மறைந்தார். நின்றுபோன அப்பகுதியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர்களான நிக்கோலா, ரோபன் ஆகிய இருவர் குறிப்புகளுடன் 1997 இல் வெளியிட்டனர். அவ்விருவருள் ஒருவரான ரோபன், 1983 இல் முதல் ஐயாயிரம் மிகுகாரணி எண்களைக் கணித்திருந்தார். பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தமை அறியவந்தபோது, இராமானுசர் நிறுவிய முடிபுகள் எவையும் சரியவில்லை. அப்பட்டியல் பயனற்றது என ஒருவரும் ஒதுக்கவுமில்லை. விடுபட்டதை உரிய இடத்தில் எழுதிக்கொண்டு, அவர் காட்டிய வழியிலே மேலும் நடந்தனர்.

நேயர்களே, இச்செய்தியைப் படித்த இரவு எனக்கு அந்தப் பெண்பிள்ளையின் கொப்பி நினைவுக்கு வந்தது. அவள் விட்டதும் ஓர் எண். இராமானுசர் விட்டதும் ஓர் எண். புதிய முதன்மை எண் வந்து சேரும் இடத்தை அவள் காணத் தவறினாள். புதியது சேர்ந்த பின்னரும் பழையது மீண்டும் எழும் இடத்தில் அவர் தவறினார். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. எனினும் தவற்றின் இனம் ஒன்றே. முயலாதவனுக்கு இத்தகைய தவறு நேராது. நூறை எட்டுமுன் நிறுத்திய மற்றைய பிள்ளைகளின் கொப்பிகளில் இப்பிழை இல்லை. ஏனெனில் அவர்கள் அவ்விடத்துக்குச் சென்றதே இல்லை.

பிழையைப் பிழையென்று சொல்ல வேண்டாம் என்று நான் கூறவில்லை. 840 இல்லாத பட்டியல் குறையுடையதே. கணிதத்திலே தாட்சணியத்துக்கு இடமில்லை. ஆனால் பிழை எங்கே நேர்ந்தது, அதுவரை வந்த வழி எத்துணைச் செம்மையானது என்பவற்றைக் காட்டுவதும் ஆசிரியரின் கடமையே. சிவப்புக் கோடு முடிவை மட்டுமே காண்கின்றது. பிள்ளை நடந்துவந்த தூரத்தை அது காண்பதில்லை. கும்பகோணத்து இளைஞனின் புள்ளிகளை மட்டும் கண்டோருக்கு அவன் தேறாதவன். அவனுடைய கணக்குகளைப் படித்துப் பார்த்தவருக்கோ அவன் பெருமேதை.

முடிப்பதற்குமுன் ஒரு கணக்கைச் சொல்கின்றேன்; தாளில் நீங்களே செய்து பாருங்கள். விடுபட்ட எண்ணாகிய 293,318,625,600 ஐ, அதனுள் இல்லாத 23 ஆற் பெருக்குங்கள். வரும் விடை 6,746,328,388,800. இராமானுசரின் அட்டவணையில் கடைசியாக நிற்கும் எண் அதுவே! வரிசையில் எழுதப்படாமற்போன எண், அவர் எட்டிய சிகரத்தினுள்ளே ஒரு காரணியாக இருந்தே வந்துள்ளது.

அந்தப் பிள்ளையின் கொப்பி இன்று மீண்டும் என் கைக்கு வருமாயின், பதினான்குக்குப் பதின்மூன்று என்று புள்ளியிடுவேன். ஓரத்திலே, ‘7 ஐச் சேர்த்துப் பார்த்தாயா?’ என்று எழுதுவேன். கொப்பி வரப்போவதில்லை. ஆனால் நாளைக் காலையிலும் பாடசாலை மணி அடிக்கும். வேறு பிள்ளைகள் வேறு கொப்பிகளைக் கொண்டுவருவார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இன்றிரவு ஒரு கணக்கைச் செய்துகொண்டிருக்கக்கூடும். விடை தவறியிருந்தால், கோடு இழுப்பதற்குமுன் அப்பிள்ளை எதுவரை வந்திருக்கின்றது என்பதை ஒருமுறை பாருங்கள்.